ஒரே டின்னில் கலந்த குளிசைகள்

கற்பிட்டியில் நானும் என் மூத்த சகோதரி ராத்தாவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். இருவருக்கும் எலும்பு மெலிவு. புதிய மருந்தொன்றைப் பரிசோதிக்கும் ஆராய்ச்சியில் எங்களைச் சேர்த்து, ஆளுக்கொரு போத்தல் குளிசை தந்தார்கள். ஒருவருக்கு மருந்தும் மற்றவருக்கு வெறும் மாக்குளிசையும் வரலாம், எது யாருக்கென்று ஒருவருக்கும் தெரியாது என்று இளம் டாக்டர் பிள்ளையொருத்தி விளக்கினா.

வீட்டுக்கு வந்ததும் ராத்தா இரண்டு போத்தலையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டினா.

"ஒரே சஹன் தட்டுல கை வச்சுத் திண்டு வளந்த நாங்க. ஒருத்திக்கு இறச்சியும் மத்தவளுக்கு வெறுஞ்சோறுமா? ரெண்டு பேருக்கும் சேரட்டும்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

மாதக்கணக்கில் விழுங்கினோம். பிறகு மிச்சக் குளிசையை எண்ணிப் பார்க்க டாக்டர் வீட்டுக்கே வந்தா. டின்னைத் திறந்தவ ஏசவில்லை.

"உம்மா, யார் எதைக் குடிச்சதெண்டு தெரியாட்டி உங்கள ஆராய்ச்சியில வச்சிருக்க ஏலாது. இனிக் குளிசை தரவும் ஏலாது."

"அப்ப எங்களில யாருக்கு மருந்து வந்த?" என்று ராத்தா கேட்டா.

"எனக்கும் தெரியாது."

நோன்புக்குக் கொஞ்சம் முன்னால் ராத்தா குசினியில் சோறாக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இனி எழும்பி நடக்கமாட்டா என்று சொல்லிவிட்டார்கள். எனக்கும் முதுகு கூனத் தொடங்கிவிட்டது. அந்த மருந்து என்றாவது யாருக்கோ உதவட்டும், எங்களுக்கு அது வந்து சேராது.

வலிக்குக் கொடுக்கும் குளிசையைப் படுக்கையில் கிடந்தபடியே ராத்தா இரண்டாக உடைத்து, பாதியை என்னிடம் நீட்டுகிறா. முழுக் குளிசையே அவவுக்குப் போதாது. எனக்கு வேண்டாமென்று சொல்ல வாய் வருவதில்லை. வாங்கி விழுங்குகிறேன்.