மூன்று ஃபேன்

தெலுங்கு மண்ணில், அமீர்பேட்டில் எனக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திய மாஸ்டரும் என்னைப்போல் தமிழர்தான். கொளுத்தும் வெயிலிலும் டை கட்டுவார். வகுப்பில் ஓடுகிற ஒரே ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு நகரவே மாட்டார்.

அன்று 'கம்ப்ளெய்ன்' என்ற வினைச்சொல்லை வைத்து ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னார். மற்றவர்கள் பக்கத்து வீட்டு நாயைக் குறை சொன்னார்கள். வியர்வையில் ஊறிப்போயிருந்த நான் எழுந்து, மற்ற மூன்று ஃபேனும் ஓடவில்லை என்று ஒரு மாதமாக இவரிடம் கம்ப்ளெய்ன் செய்கிறோம் என்பதை ஆங்கிலத்தில் சொன்னேன். வகுப்பே அவர் முகத்தைப் பார்த்தது.

அவர் முகம் மலர்ந்தது. "ஹவ்," என்று அந்த ஊர் பாணியில் 'ஆமாம்' போட்டார். "சூப்பர்மா! ஒரு தப்புகூட இல்ல. எல்லாரும் கிளாப்ஸ்!"

தட்டினார்கள். அடுத்த பேட்சுக்கு என் வாக்கியத்தையே போர்டில் எழுதி, கோரஸாகச் சொல்லவைத்தார், அதே ஃபேனுக்குக் கீழே நின்று.

அந்த ஆள் அசடா, எமகாதகனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.