இளைத்துப்போன மரங்கள்

ராஜாங்கத்துக்கு மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருபத்திரண்டு வருடம் பஞ்சாலையில் தறி ஓட்டியவர். பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டுப்போய், இனி ஆலைக்குள் காலே வைக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். 1979இல் புதுச்சேரிக் கடற்கரைப் பக்கம் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்கு வேலை கிடைத்தது.

ஊருக்கு வடக்கே, செம்மண் மேட்டைத் தாண்டி ஓர் அய்யனார் கோயில் காடு. அங்கே நூற்றிருபது மரங்களுக்கு இடுப்பில் மெல்லிய தகரப்பட்டை சுற்றி, ஸ்பிரிங் மாட்டி, எண் போட்டிருந்தார்கள். மரம் பருத்தால் பட்டையில் கீறிய கோடு நகரும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை போய் அதை அளந்து நோட்டில் எழுதிக்கொண்டு வரவேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். மற்ற நாட்களில் ஆபீசில் உட்கார்ந்து காய்ந்த இலைகளைத் தாளில் ஒட்டுவார்.

மனைவி மணியம்மாள் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் வசந்தா, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த புருஷனோடு பிரான்சில் மார்செய் நகரத்தில் குடியேறிவிட்டாள். ராஜாங்கம் முத்தியால்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். காட்டு நாட்களில் மரக்காணம் பஸ்ஸில் போய் இறங்கி ஒரு மைல் நடப்பார். அங்கே பேச ஆள் கிடையாது. காலையில் கண்டக்டரிடம் ஊர்ப் பெயரைச் சொன்னதற்குப் பிறகு, சாயங்காலம் திரும்ப அதே பஸ்ஸில் 'முத்தியால்பேட்டை' என்று சொல்லும்வரை வாயைத் திறக்காத நாட்கள் உண்டு. முதலில் அது உறுத்தியது. பிறகு பழகிவிட்டது.

1982இல் ஐப்பசி வந்தது, மழை வரவில்லை. கார்த்திகையும் வெறுமனே போயிற்று. மாசியில் அவர் கொண்டுவந்த நோட்டைப் பார்த்துவிட்டு, அவருக்கு மேலதிகாரியாக இருந்த விஞ்ஞானி சக்கரபாணி அவரைக் கூப்பிட்டார்.

"ராஜாங்கம், உண்மையைச் சொல்லுங்க. காட்டுக்குப் போனீங்களா, இல்ல வீட்லயே உக்காந்து எழுதினீங்களா?"

"போனேங்க சார்."

"வெயில்ல மரம் கொஞ்சம் சுருங்கும், எனக்குத் தெரியும். இவ்ளோ சுருங்குமா? அதுவும் எம்பது மரம்?"

ராஜாங்கம் ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்திருந்தார். நோட்டை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். ஆலையில் அத்தனை வருடத்தில் ஒருவரும் அவரைப் பொய்யன் என்று சொன்னதில்லை. அன்று சாயங்காலம் கடற்கரையில் போய் உட்கார்ந்தார். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் போல் இருந்தது. யோசித்துப் பார்த்தார், ஒரு பெயரும் வரவில்லை.

மறுவாரம் சக்கரபாணி தானே ஜீப்பில் காட்டுக்கு வந்தார். ராஜாங்கம் தள்ளியே நின்றார். ஒன்று, ஐந்து, பத்து என்று அளந்துகொண்டே போன சக்கரபாணி, முப்பதாவது மரத்தோடு நிறுத்திவிட்டுச் சருகின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நீங்க எழுதினதைவிட இன்னும் கொறஞ்சிருக்கு."

மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி முதலில் ராஜாங்கத்திடம் நீட்டினார்.

"வேருக்குத் தண்ணி இல்ல. உடம்புல இருக்கறதையே எடுத்துக் குடிக்குது. இருக்கறது ஆவியாகிடக் கூடாதுன்னு இலையில மூச்சு விடற சின்னச் சின்ன வாயையெல்லாம் மூடிக்கிச்சு. மூடினா காத்துல இருக்கற கரியமில வாயுவையும் இழுக்க முடியாது. லாரி, ஆலை எல்லாம் விடற புகையில அதுதான் வருது. அது சேரச் சேர பூமி சூடாகும்னு சொல்றாங்க. காடுதான் அதுல ஒரு பங்கை எடுத்து மரமா சேத்து வச்சிக்கிது."

"மரம் செத்துப்போச்சின்னா சார்?"

"மக்கினாலும் எரிச்சாலும் சேத்து வச்சது காத்துக்கே திரும்பப் போயிடும்."

தன் ஆலைப் புகைபோக்கியின் கரும்புகை ராஜாங்கத்தின் நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருடம் அதன் கீழே நடந்திருக்கிறார். அது எங்கே போகிறது என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

சித்திரைக்குப் பிறகு மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போக ஆரம்பித்தன. கத்தியால் தோலைக் கீறிப் பார்ப்பார். உள்ளே பச்சை இல்லை என்றால் 'பட்டது' என்று எழுதிவிட்டுத் தகரப்பட்டையைக் கழற்றவேண்டும். அவர் உடனே எழுதமாட்டார். இன்னும் இரண்டு முறை வந்து பார்த்த பிறகுதான் எழுதுவார். ஆனாலும் அந்த வருடம் முடிவதற்குள் முப்பத்தொரு பட்டைகள் கழன்றன.

மழை கடைசியில் மார்கழியில் கொட்டியது. சரியாக அப்போது ராஜாங்கம் காய்ச்சலில் விழுந்தார். பத்து நாள் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் கமலவேணி வாசலில் கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். ஒன்பதாம் நாள் சக்கரபாணி நனைந்த சட்டையோடு வந்து நின்றார்.

"நானே போய் அளந்துட்டு வந்தேன். எல்லாம் ஏறியிருக்கு."

ராஜாங்கம் எழுந்து உட்கார்ந்தார். "பருத்திடுச்சா சார்?"

"இல்ல. தண்ணி குடிச்சி உப்பியிருக்கு, அவ்ளோதான். நெசமாவே வளர நாளாகும்."

சக்கரபாணி போன பிறகு ராஜாங்கம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு வருடம் காத்திருந்த அளவு அது. அந்த நாளில் அவர் அங்கே இல்லை.

அடுத்த கோடையில், பட்டுப்போன மரம் ஒன்றை அன்னக்கிளி என்ற பக்கத்து ஊர்க்காரி விறகுக்கு வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க பாக்கறீங்க? பட்ட மரந்தானே, சாமி ஒண்ணும் சொல்லாது."

"வெட்டும்மா. நான் வேற வேலையா வந்தேன்."

"நல்லா நின்னு எரியுதுங்க இது."

அவளுக்கும் சோறு பொங்கவேண்டும். விறகுக்கட்டைத் தலைமேல் தூக்கிவிட்டார். அவள் போன பிறகு பார்த்தால், மரம் நின்ற இடத்தில் வெயில் வட்டமாக விழுந்திருந்தது. நிழலிலேயே கிடந்த மண் காலில் சுட்டது.

சக்கரபாணி பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். ராஜாங்கம் தொடர்ந்து அளந்தார். 1985 தை மாதம், நாற்பத்தேழாம் எண் வீரை மரம் வறட்சிக்கு முன்னால் இருந்த அளவைத் தாண்டிவிட்டது. அரை மில்லிமீட்டர். மூன்று தடவை அளந்தார். ஆபீசில் புதிதாக வந்தவர் நோட்டை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டார், திறந்துகூடப் பார்க்கவில்லை.

ராஜாங்கம் அன்றே வசந்தாவுக்குக் கடிதம் எழுதினார். அந்த மரம் எப்படி இளைத்தது, எப்படித் திரும்பியது என்று இரண்டு பக்கம். பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. இந்த வருடம் குளிர் அதிகம் என்றும், சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டது என்றும், அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும் என்றும் எழுதியிருந்தாள். மரத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதை இன்னொரு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். மறுநாள் அளவெடுக்கும் நாள். காலையில் மரக்காணம் பஸ்ஸைப் பிடித்தார்.