விளக்கெண்ணெய்க் கண்ணோடு செங்கல்பட்டு, கறுப்புக் கண்ணாடியோடு மாமல்லபுரம்

சர்க்கரை இருக்கிறவர்கள் வருடம் ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே போவது, போனால் என்ன நடக்கும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. அதனால் இதைப் போடுகிறேன். தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, அச்சரப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போய்க் கண்ணைக் காட்டிவிட்டு, அப்படியே மாமல்லபுரம் கடலையும் பார்த்துவிட்டு வந்தோம். காலையில் கிளம்பினால் ராத்திரிச் சோற்றுக்கு வீடு திரும்பிவிடலாம்.

நான் மூன்றாவதுவரைதான் படித்தேன். இதை நான் கையால் எழுதவில்லை. போனில் பேசுகிறேன், அது எழுத்துத் தமிழாக்கித் தருகிறது. கல்பாக்கத்தில் வேலை செய்யும் என் மகள் ஒருமுறை படித்துவிட்டுப் போடுகிறாள். ஆட்கள் பேசியதை மட்டும் மாற்றாதே என்று போனுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். மாற்றினால் கண்டுபிடித்துவிடுவேன். யார் எதை எந்த வாயால் சொன்னார்கள் என்பது எனக்கு மறப்பதே இல்லை.

என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். கண் மங்குகிறது என்று அவர் சொன்னபோது ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நீலநிறச் சட்டை, மேல் பட்டன் போடவில்லை. டார்ச் அடித்து ஒரு பார்வை பார்த்தார். "வயசானா அப்படித்தான், போயிட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்தால் என் நாத்தனார் கஸ்தூரி, "வேற ஒண்ணும் இல்ல, சூடு" என்று தன் அண்ணன் கண்ணில் சனிக்கிழமை தவறாமல் விளக்கெண்ணெய் விட்டாள். இப்படியே ஒரு வருடம் போனது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது, முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்றார்கள். கடைசி ஆறு வருடம் அவர் இருட்டில்தான் இருந்தார். டாக்டரையும் நான் மன்னிக்கவில்லை, கஸ்தூரியையும் மன்னிக்கவில்லை.

இப்போது என் வலது கண்ணில் பூச்சி பறப்பது போல ஒன்று ஓட ஆரம்பித்தது. பயந்துவிட்டேன்.

தனியாகப் போகக் கூடாது என்று மகள் சொல்லிவிட்டாள். கூட வர ஆள் யார் என்று பார்த்தால், கஸ்தூரிதான் பையோடு வாசலில் நிற்கிறாள். "கடல பாத்து எவ்ளோ வருசம் ஆவுது அண்ணி, நானும் வரேன்" என்றாள். என் கண்ணுக்காக அவள் வரவில்லை, கடலுக்காக வந்தாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

ஏழு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் நின்றால் செங்கல்பட்டு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு மணி நேரம் ஆகிறது. மதுராந்தகத்தில் கூட்டம் ஏறும், அதற்குள் உட்கார்ந்துவிடுங்கள். எங்களுக்கு முன் சீட்டில் செய்யூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், மடியில் ஒரு வேர்க்கடலைச் செடியை வைத்துக்கொண்டு அதன் இலையைப் போனில் படம் பிடித்தார். கஸ்தூரிக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா அண்ணாத்த, செடிக்கு வரன் பாக்கறியா? இவ்ளோ போட்டா புடிக்கிற!"

"எலையில புள்ளி வுழுந்துகீதும்மா. இன்னா சீக்குன்னு இது சொல்லும்."

"சொல்லுச்சா?"

"பேரு சொல்லுச்சு, மருந்து சொல்லுச்சு. ஆனா வேளாண் ஆபீசர் கையில காட்டிட்டுத்தான் வாங்குவேன்."

"அப்ப இது எதுக்கு?"

"இது ராவும் பகலும் எங்கூட கீது. ஆபீசர் கீறாரா?"

பஸ்ஸே சிரித்தது. "பாத்தியா அண்ணி, எலைக்கே டாக்டர் கீது. எங்கண்ணனுக்குத்தான் இல்ல" என்றாள். அண்ணன் பேச்சை அவள் எடுத்ததும் எனக்குச் சுருக்கென்று வந்தது. கோபம் வந்தால் நான் சண்டை போடமாட்டேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மாமண்டூர்ப் பாலாற்றுப் பாலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். ஆற்றில் மணல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி பெயரைப் போட மகள் வேண்டாம் என்றாள். தருமத்துக்கு நடத்துகிற இடம், சர்க்கரைக்காரர்களுக்குக் கண் படம் எடுப்பது இலவசம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ போகிறது. எட்டரைக்குள் போனால் வரிசை சின்னது. படம் எடுக்கும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும், பெயர் ஷீலா. தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை ஒட்டச் சொல்வார்கள். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான், வலி கிடையாது. கண்ணின் பின்பக்கம் ஆரஞ்சுப் பழம் போலத் திரையில் வந்துவிடும். அதைக் கம்ப்யூட்டரே பார்த்து, பச்சை என்றால் பயம் இல்லை, சிவப்பு என்றால் டாக்டரிடம் போ என்று சொல்லும்.

எனக்குப் பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. மஞ்சள்.

"இன்னாம்மா சொல்லுது?"

"தெரியலன்னு சொல்லுது ஆயா."

"யாருக்குத் தெரியல?"

"அதுக்குத்தான். படம் மங்கலா கீதாம், இத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதாம்."

வீட்டுக்காரர் கண்ணும் முதலில் மங்கல்தானே. மறுபடி எடுத்தாள், மறுபடியும் மஞ்சள். ஷீலா என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள்.

"ஆயா, கண்ணுல இன்னா வுட்டீங்க?"

சொல்லத்தான் வேண்டும். விருந்தாளி வருவதற்கு முன் வீட்டை மெழுகுகிறோம் இல்லையா? டாக்டர் பார்க்கப்போகிற கண்ணாயிற்றே, குளிர்ச்சியாக, பளபளவென்று இருக்கட்டும் என்று விடியற்காலையில் இரண்டு கண்ணிலும் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

கஸ்தூரி கையைத் தட்டிச் சிரித்தாள். "எங்கண்ணனுக்கு நான் வுட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பேசற. இப்ப நீயே வுட்டுக்கினு வந்துகீறியா? நல்லா கீதே அண்ணி உன் நாயம்!"

எனக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளக்கூட முடியவில்லை, ஷீலா தாடையைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கழுவினாள். எண்ணெய் முழுக்க இறங்க ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னாள்.

அந்த பெஞ்சில் உட்கார்ந்துதான் அந்த நீலச் சட்டை டாக்டரை நினைத்தேன். ஒரு மெஷினுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்கிறது. அந்த மனிதரும் அன்றைக்கு அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் நாங்கள் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் பஸ் ஏறியிருப்போம்.

நான் காத்திருந்த நேரத்தில் ஷீலா கஸ்தூரியைக் கூப்பிட்டாள். "சும்மாதான ஒக்காந்துகினு கீறீங்க, நீங்களும் வந்து காட்டுங்க."

"எனக்கு எதுக்கு? எனக்குச் சக்கர கிடையாது. டீயில கூட போடமாட்டேன்."

"எப்பனா ரத்தம் குத்திப் பாத்தீங்களா?"

"இல்லாத சீக்குக்கு எதுக்கு குத்தணும்?"

பேசிக்கொண்டேதான் தாடையை வைத்தாள். வெளிச்சம் அடித்தது. சிவப்பு வந்தது.

"அது அண்ணி கண்ணும்மா, மெசின் மாத்திச் சொல்லுது" என்று எழுந்துவிட்டாள். ஷீலா திரும்ப உட்காரவைத்து எடுத்தாள். மறுபடியும் சிவப்பு. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். கஸ்தூரி வாயடைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் விடுவித்துக்கொள்ளவில்லை.

உள்ளே பெண் டாக்டர். கஸ்தூரிக்குக் கண் பாப்பாவைப் பெரிதாக்கும் சொட்டு மருந்து விட்டு, அரை மணி கழித்துத் தன் கருவியில் நிதானமாகப் பார்த்தார். "மெஷின் இங்க சந்தேகம்னுதான் கை காட்டும், முடிவு நான்தான் பாத்துச் சொல்லணும். அது கை காட்டினது சரிதான்" என்றார். ரத்தக் கசிவு ஆரம்பித்திருக்கிறதாம். பார்வை இன்னும் கெடவில்லை. லேசர் வைத்து, சர்க்கரையையும் அடக்கினால் பார்வையைக் காப்பாற்றிவிடலாமாம்.

"எங்கண்ணன் மாதிரி ஆவாதா?" என்று கேட்டாள்.

"சரியான நேரத்துக்கு வந்துட்டீங்கம்மா. சொன்ன தேதிக்கு வந்துடுங்க."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அதற்குப் பிறகு எடுத்த என் படம் பச்சை. கண்ணில் பறக்கிற பூச்சிக்கும் ஒரு சொட்டு மருந்து விட்டுப் பார்க்க, கஸ்தூரி லேசருக்கு வரும்போது என்னையும் வரச் சொன்னார் டாக்டர். (பார்த்தாயிற்று. வயதுக்கு வருவதுதானாம். இவர் உள்ளேவரை பார்த்துவிட்டுச் சொன்னதால் நம்பினேன்.)

இரண்டு மணிக்கு மாமல்லபுரம் பஸ். திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இங்கேதான் நாங்கள் தப்புச் செய்தோம். சொட்டு மருந்து விட்ட கண்ணுக்கு வெயில் ஆகாது. கஸ்தூரி வழியெல்லாம் தலைப்பால் கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கடற்கரையில் இறங்கினால், "எல்லாம் வெள்ள வெள்ளயா கீது அண்ணி, கடல் எங்க?" என்கிறாள். கடலைப் பார்க்க வந்தவளுக்குக் கடல் தெரியவில்லை! கடைத்தெருவில் நூற்றைம்பது சொன்ன கறுப்புக் கண்ணாடியை நூறுக்குப் பேசி மாட்டிவிட்டேன். கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம்.

படகுக்காரர் வலையை உதறிக்கொண்டிருந்தார். அவர் போன், நாளைக்கு அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம் என்று பேசிக்கொண்டிருந்தது.

"அது சொல்றத நம்பறீங்களா?" என்று கேட்டேன்.

"போவாதன்னா போவமாட்டேன். போன்னா, எழுந்து கடல ஒரு பார்வ பாத்துட்டு அப்பாலதான் போவேன்" என்றார். கஸ்தூரியைப் பார்த்து, "இன்னா, சினிமா சூட்டிங்கா?" என்றார். "ஆமா, நீ வில்லனா நடிக்கிறியா?" என்றாள். வாய் திரும்பிவிட்டது, ஆள் சரியாகிவிட்டாள் என்று தெரிந்தது.

ஐந்து மணி வாக்கில் கண்ணாடியைக் கழற்றினாள். நிறைய நேரம் பார்த்தாள். "அண்ணி, அலை ஒடையறப்ப பச்சயா ஒரு கோடு தெரியுதே, அது முன்னயும் இருந்துதா?" என்றாள். பிறகு மெதுவாக, "நான் எண்ணெய் வுடாம இருந்திருந்தா எங்கண்ணனும் பாத்திருக்கும் இல்ல?" என்றாள். என் வாயில் நிறைய வந்தது. சுண்டல் வாங்கிக் கொடுத்தேன். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை.

போகிறவர்களுக்கு: கண்ணில் எண்ணெயோ மையோ எதுவும் போடாதீர்கள். நாஸ்தா சாப்பிட்டுவிட்டு, மாத்திரைச் சீட்டோடு போங்கள். கறுப்புக் கண்ணாடியை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். சொட்டு மருந்து விட்டால் பஸ் போர்டு தெரியாது, வண்டியும் ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். மஞ்சள் வந்தால் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள், மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். சிவப்பு வந்தால் அழாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். துணைக்கு வந்தவரையும் உட்காரவைத்துப் படம் எடுங்கள். கடற்கரைக் கோயிலுக்குள் நாங்கள் போகவில்லை, டிக்கெட் எவ்வளவு என்று தெரியாது. தெரியாததைச் சொல்லமாட்டேன்.

போன வெள்ளிக்கிழமை கஸ்தூரிக்கு முதல் லேசர் முடிந்தது. நன்றாக இருக்கிறாள். திரும்பி வரும் பஸ்ஸில், அந்த விளக்கெண்ணெய்க் கதையைப் பக்கத்து சீட்டுக்காரிக்கு ஒன்று விடாமல் சொன்னாள். எனக்குக் கோபம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடமும் இப்படித்தான் திரும்பிக்கொள்வேன். அவர் கண் போன பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. அவருக்குத் தெரியாது. நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து அவர்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பார்.

பாலாற்றுப் பாலம் வருவதற்குள் கஸ்தூரி என் தோளைத் தட்டினாள். "இன்னா அண்ணி, மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்கின?"