மகள் கட்டுரையில் நான் மாற்றிய சொற்கள்

குழந்தைகளே, நான் ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன். ரிக் வண்டியில் போய் போர் போடும், அதாவது ஆழ்துளைக் கிணறு தோண்டும் வேலை. வருடத்தில் பாதி வடமாநிலங்களிலேயே போய்விடும். மழைக்காலத்தில்தான் திருச்செங்கோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவேன். அப்படி வந்திருந்தபோது நான் செய்த காரியத்தால் எட்டாவது படிக்கும் என் மகள் மாட்டிக்கொண்டாள்.

ஒன்றியக் கட்டுரைப் போட்டிக்குத் தண்ணீரைப் பற்றி எழுதியிருந்தாள். எங்கள் விவசாயக் காட்டில் நாங்களே போட்ட போரில் தண்ணீர் வராத நாளைப் பற்றி. எல்லாம் சின்னச் சின்னச் சொற்களாக எனக்குப் பட்டது. போட்டிக்கு இது போதுமா என்று பயந்தேன். சேலத்தில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஒத்தசொல் அகராதி ஒன்று இருந்தது. ஒரு சொல்லைத் தேடினால் அதே பொருளுள்ள பத்துச் சொற்களைக் காட்டும். அதைப் பார்த்து அவள் நோட்டில் பென்சிலால் மாற்றினேன். ‘அம்மா அழுதாள்’ என்பது ‘அன்னை ஓலமிட்டாள்’ ஆனது.

“ரொம்பப் பெருசா இருக்குதுங்கப்பா” என்றாள்.

“பெருசாத்தான் சாமி இருக்கோணும். எழுது.”

எழுதிக் கொடுத்தாள். இரண்டு நாள் கழித்து, காலையிலேயே தமிழ் டீச்சர் போன் செய்து உடனே வரச் சொன்னார்.

ஆசிரியர் அறையில் மகள் மேஜையோரம் நின்றிருந்தாள். கட்டுரையில் ஏழெட்டு இடத்தில் சிவப்புக் கோடு. பக்கத்தில் போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்ப் பட்டியல். மதியத்துக்குள் அனுப்பியாக வேண்டுமாம்.

“உங்கம்மா எப்படி ஓலமிட்டாங்க, சொல்லு.”

“செவுத்தைப் பார்த்து உக்காந்து அழுதாங்க டீச்சர். சத்தமே வரலைங்க.”

அகராதி அழுகையையும் ஓலத்தையும் ஒரே வரியில் போட்டிருந்தது. ஓலமிட்டால் தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். அன்று அவள் அம்மாவின் பக்கத்தில் இருந்தவன் நான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அப்புறம் இது யாரு எழுதினது?”

“நானேதானுங்க.”

“இப்பெல்லாம் செல்போனைக் கேட்டா அதுவே எழுதிக் குடுக்குது டீச்சர். புள்ளைங்க எதுக்குக் கஷ்டப்படோணும்?” என்றார் அடுத்த மேஜையில் இருந்த ஆசிரியர்.

டீச்சர் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “ஏனுங்க, நீங்க சொல்லுங்க. வேற யாராவது எழுதினதுன்னா பேரை அடிச்சிருவேன்.”

மகள் என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. உண்மையைச் சொன்னால் அவள் பொய்க்காரி ஆவாள், பெயரும் போகும். மறைத்தால் மீதிச் சிவப்புக் கோடுகளுக்கெல்லாம் அவள்தான் நின்று பதில் சொல்ல வேண்டும்.

“நான்தானுங்க மாத்துனேன். அகராதியப் பார்த்து” என்றேன். “எனக்காகத்தான் புள்ள அப்படிச் சொல்லிப்போட்டா.”

டீச்சர் பேனாவை எடுத்துப் பட்டியல் மேல் வைத்தார். எழுதவில்லை. “மொதல்ல எழுதினது இருக்குதா?”

மகள் பையிலிருந்து ரஃப் நோட்டை எடுத்து நீட்டினாள். என் பென்சில் கோடுகளுக்கு அடியில் அவள் எழுத்து அப்படியே இருந்தது. டீச்சர் மெதுவாக, விரல் வைத்துப் படித்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை அவள் முன் தள்ளினார்.

“உன்னோடத மட்டும் எழுது. இங்கேயே உக்காந்து. அப்பா வெளிய நிக்கட்டும்.”

வராந்தாவில் நின்றேன். உட்கார முடியவில்லை. பள்ளி மணி இரண்டு முறை அடித்தது, வகுப்புகள் மாறின. கடைசியில் அவள் வந்தாள். முகம் கடுகடுவென்றிருந்தது.

“பேரு இருக்குதா சாமி?”

“இருக்குதுங்க. பொய் சொன்னதுக்கு நாளைக்கு மன்னிப்புக் கடிதம் எழுதிட்டு வரோணுமாம்.”

“நான் வேணும்னா கூட உக்காந்து…”

“நீங்க ஒண்ணும் உக்கார வேண்டாமுங்கப்பா” என்றாள். “நானே எழுதிக்கறேன்.”