நல்லாப் பாரு

தையல் ஆலையில் அவளுக்குக் கழுகு என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் இல்லை. நேராகவே கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக அவள் மேசைக்குத்தான் வரும். டியூப்லைட்டுக்குக் கீழே சட்டையை விரித்து, தோளைப் பிடித்து ஓர் உதறு, காலரில் ஒரு தடவல், இரண்டு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரு பார்வை. ஒரு கை மற்றதைவிட நூலளவு நீண்டிருந்தால் போதும், சட்டை இடப்பக்கக் கூடைக்குப் போய்விடும். மற்ற செக்கிங் பெண்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தும் கோட்டைவிட்டதை இவள் போகிற போக்கில் பிடித்துவிடுவாள்.

சரக்கு அனுப்பும் நாள் நெருங்கினால் சூப்பர்வைசர் வந்து மேசையருகே குழைவார்.

"இதெல்லாம் யாரும்மா கவனிக்கப் போறாங்க? கொஞ்சம் கண்ண மூடிக்குங்க."

"கண்ண மூடுறதுக்கா சார் எனக்குச் சம்பளம்?"

அவர் முணுமுணுத்துக்கொண்டே போவார். சுற்றி நின்று அத்தனை பேரும் ஆமாம் சாமி போட்டாலும் அவள் அசையமாட்டாள். உடும்புப்பிடி.

இப்பேர்ப்பட்டவள் அக்கா முன்னால் மட்டும் தலையாட்டி பொம்மை. இதைக் கேட்டால் ஆலையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். ஆனால் அதுதான் உண்மை.

அம்மா போய்ச் சேர்ந்தபோது கழுகு தவழ்ந்துகொண்டிருந்தாள். அக்காவுக்கு இரட்டைச் சடை போடும் வயது. அப்பா வேலைக்குப் போய்விடுவார், அலுத்துப்போய் வந்து படுத்துவிடுவார். பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிய அக்கா அதைத் திரும்ப எடுக்கவே இல்லை. தங்கையை இடுப்பில் தூக்கிக்கொண்டே சமைத்தாள், தூக்கிக்கொண்டே துவைத்தாள். ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக்கொடுத்தபோது, "நல்லாப் பாரு" என்றாள். தெருவைக் கடக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லாப் பாரு" என்றாள். கீழே சிந்திய கடுகைப் பொறுக்கவும் அதே வார்த்தைதான். பார்த்ததைத் திரும்ப ஒரு முறை பார்க்கிற பழக்கம் கழுகுக்கு அப்படித்தான் வந்தது. அந்தக் கண்ணை வளர்த்ததே அக்காதான், இல்லையென்று சொன்னால் பொய்யாகிவிடும்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆனபோது தங்கையும் கூடவே போனாள். சில வருஷம் கழித்து இவளுக்கும் ஒரு மாப்பிள்ளை வந்தான். முன்னறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான். இவள் டீ கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் வாங்கியபோது கப்பு சாசரில் கடகடவென்று ஆடியது. கண் இரண்டும் சிவந்திருந்தன, நேரமோ காலை. இவள் சமையலறைக்கு ஓடிவந்தாள்.

"அக்கா, அவரு கை நடுங்குதுக்கா. கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. குடிக்கிறவரோ?"

அக்கா அடுப்பை விட்டு வந்து கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள். பிறகு தங்கை பக்கம் திரும்பி வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

"போடி பைத்தியம். பொண்ணு கேக்க வந்தவனுக்குக் கை நடுங்காம வேற என்ன பண்ணும்? ராத்திரி பூரா தூங்கியிருக்கமாட்டான், பாவம். நல்லாப் பாரு."

கழுகு நல்லாப் பார்த்தாள். உண்மையாகவே அங்கே ஒரு கூச்ச சுபாவக்காரன்தான் உட்கார்ந்திருந்தான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அட, இவ்வளவுதானா என்று இருந்தது. சரி என்றுவிட்டாள்.

அந்தச் சரிக்கு அவள் பட்டபாட்டைச் சொல்லி மாளாது. கதவை உதைக்கிற சத்தம், வாந்தியைக் கழுவிய காலைகள், ஒருமுறை முறிந்து கோணலாகவே கூடிய சுண்டுவிரல். அந்த விரலோடுதான் இன்றைக்கும் சட்டைக் காலரைத் தடவுகிறாள். குழந்தை தங்கவில்லை. ஏன் தங்கவில்லை என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்கா வருவாள், பக்கத்தில் உட்காருவாள், தலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுவாள்.

"கல்யாணத்துக்கு அப்புறந்தானடி இப்படிக் கெட்டுப்போனான். யாரு கண்டா?"

யார் கண்டார்கள் என்பதில்தான் கழுகுக்கு ஆறுதல் இருந்தது. யாருமே காணவில்லை, அதனால் யார்மேலும் குற்றமில்லை. ஈரல் வெந்து அவன் செத்த பிறகு ஆலையில் சேர்ந்தாள். அத்தானும் காலமாகி, மகனும் வேலைக்கென்று வெளியூர் போனபின் அக்கா தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவளோடேயே வந்துவிட்டாள். இரண்டு கட்டில், ஒரு அடுப்பு. ஆலையிலிருந்து வருகிறவளுக்குக் கதவு திறக்க ஓர் ஆள் இருந்தது. உலகத்தில் தனக்கு ஒருத்தி இருக்கிறாள் என்பதுதான் கழுகின் மொத்தச் சொத்து.

மாலை வகுப்புக்குப் போகலாம் என்றதும் அக்காதான். நூலகத்து மாடியில் பெரியவர்களுக்கு இலவசமாக நடத்தினார்கள். மனித மனம், ஓர் அறிமுகம் என்று வாசலில் எழுதி ஒட்டியிருந்தது.

"வீட்ல உக்காந்து செவுத்தப் பாக்குறதுக்கு அங்க போய் உக்காந்தா நாலு விஷயமாச்சும் காதுல விழும்" என்றாள் அக்கா.

வாத்தியார் ஒல்லியான இளைஞர். சட்டைப் பாக்கெட்டில் எப்போதும் சாக்பீஸ் தூள். பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் ஒரு நாள் அவர் சொன்ன குழந்தைக் கதை கழுகை அப்படியே பிடித்து உட்கார வைத்துவிட்டது. ஒரு பெரிய மேசை. பாதிவரை பலகை. அதற்கப்புறம் பள்ளம், பள்ளத்துக்கு மேலே கெட்டியான கண்ணாடி. தவழ்கிற குழந்தையைப் பலகையில் விடுவார்கள். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பாள். குழந்தை பள்ளத்தின் விளிம்புக்கு வந்ததும் நின்றுவிடும்.

"நின்னு என்ன பண்ணும் தெரியுமா? நிமிந்து அம்மா முகத்தப் பாக்கும். அம்மா பயந்த மாதிரி முகத்த வச்சிருந்தா ஒரு அடி நகராது. சிரிச்சாங்கன்னா பெரும்பாலான குழந்தைங்க பள்ளத்து மேலயே தவழ்ந்து வந்துரும். தன் கண்ணு சொல்றத விட அம்மா முகம் சொல்றத நம்பும்."

"அம்மா இல்லாத குழந்தை என்ன சார் பண்ணும்?" என்றாள் கழுகு. வகுப்பில் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"யாரு வளக்குறாங்களோ அவங்க முகத்தப் பாக்கும்மா."

கழுகு பக்கத்திலிருந்த அக்காவின் கையைப் பிடித்தாள். அக்கா மூக்கைத் துடைக்கக் கைக்குட்டை தேடுகிறவள்போலக் கையை உருவிக்கொண்டாள்.

அடுத்த வாரம் வாத்தியார் ஒரு வரிசை நாற்காலி போட்டுச் சிலரை உட்காரச் சொன்னார். கழுகு கடைசி, அவளுக்கு முன்னால் அக்கா. பார்வையைச் சோதிக்கிற சின்ன விளையாட்டு என்றார். ஓர் அட்டையில் ஒற்றைக் கோடு. இன்னோர் அட்டையில் மூன்று கோடுகள். ஒற்றைக் கோட்டுக்குச் சமமானது எது என்று ஒவ்வொருவராக உரக்கச் சொல்ல வேண்டும். கழுகுக்குச் சிரிப்பு வந்தது. நாள் முழுக்கச் செய்கிற வேலையை இங்கேயும் கொண்டுவந்து கொடுக்கிறாரே மனுஷர்.

முதல் அட்டை, எல்லாரும் சரியாகச் சொன்னார்கள். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் முதல் ஆள், "ரெண்டாவது கோடு" என்றார். கழுகு அவரைத் திரும்பிப் பார்த்தாள். சமமானது மூன்றாவது. இரண்டாவது நன்றாகவே குட்டை. அடுத்தவரும் இரண்டாவது என்றார். அதற்கடுத்தவரும். எல்லாருக்கும் கண் அவிந்துபோயிற்றா என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. வரட்டும், நம் முறை வரட்டும் என்று காத்திருந்தாள்.

"ரெண்டாவதுதான்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டுத் தலையை லேசாகச் சாய்த்து, தங்கைக்கு மட்டும் கேட்கும்படி, "நல்லாப் பாரு" என்றாள்.

கழுகு நல்லாப் பார்த்தாள். இரண்டாவது கோடு கொஞ்சம் நீண்டதுபோல இருந்தது. மூன்றாவதுதான் அதிகமோ. அட்டை சாய்ந்திருக்கிறதோ.

"ரெண்டாவது" என்றாள்.

அறையே சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிறந்தநாள் ரகசியம் உடைந்ததும் சிரிப்பார்களே, அப்படி. வாத்தியார் கையமர்த்திவிட்டு விளக்கினார். மற்ற எல்லாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாராம். கூட இருக்கிறவர்கள் ஒரே மாதிரி சொல்லும்போது நம் கண்ணையே நாம் சந்தேகிக்கிறோம், இது யாருக்கும் நடக்கும், அவமானமே இல்லை என்றார்.

"இதுக்கு உங்க பேரக் கொடுத்ததே உங்க அக்காதான். கண்ணு கழுகு மாதிரி, ஆனா நான் சொன்னா மாத்திக்குவா, எனக்குத் தெரியும்னாங்க. அந்தக் கடைசில சொன்ன வார்த்தை இருக்கே, அது நான் சொல்லிக்கொடுக்காதது. அவங்களே போட்டது."

சிரிப்பு இன்னொரு முறை எழுந்தது. அக்காவும் சிரித்துக்கொண்டிருந்தாள். தங்கை திரும்பியதும் அந்த முகத்தில் ஈயாடவில்லை.

இருவரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். விளக்குகள் எரிய ஆரம்பித்திருந்தன. கடைக்காரர் ஒருவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

"வெளையாட்டுக்குத்தானடி. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறியே" என்றாள் அக்கா.

"கோடு குட்டைன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியாம என்ன? வாத்தியாரு சொல்லச் சொன்னாரு, சொன்னேன்."

"டீக் கப்பு ஆடுனப்ப உன்னச் சொல்லச் சொன்னது யாருக்கா?"

அக்கா பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கழுகு காத்திருந்தாள். மேசைமேல் விரித்த சட்டையைப் பார்ப்பதுபோல அந்த முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷமாக அதில் பழுது தேட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"ஒன்னக் கட்டிக்கொடுத்து அனுப்பச் சொல்லி ஒங்கத்தான் கெடு வச்சுட்டாரு" என்றாள் அக்கா கடைசியில். "அவ போகலைன்னா நீயும் சேந்து போன்னாரு. வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு நான் எங்கடி போவேன்? கதவிடுக்குல பாத்தப்பவே குடிகாரன்னு தெரிஞ்சுபோச்சு. திருந்திருவான்னு நெனச்சேன். சத்தியமா நெனச்சேன்."

கழுகுக்கு அழுகை வரவில்லை. அத்தான் சொன்னதைத் தன்னிடம் சொல்லியிருந்தால், அக்காவுக்காகவே அந்தக் குடிகாரனைக் கட்டியிருப்பாள். தெரிந்தே கட்டியிருப்பாள். அதைக்கூட இவள் கேட்கவில்லை. கண்ணைப் பிடுங்கிக்கொண்டு தள்ளிவிட்டாள்.

"யாரு கண்டா, யாரு கண்டான்னு என்னத் தடவிக் கொடுத்துக்கிட்டே இருந்தியே" என்றாள் மெதுவாக. "நான் கண்டேன். நீயும் கண்ட. ரெண்டு பேருமே கண்டோம்."

"தப்புதான்டி. நான் இல்லன்னா சொல்றேன்?"

"வாத்தியாரு சொன்ன அந்தக் குழந்தைக்காச்சும் கீழ கண்ணாடி இருந்துச்சுக்கா."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. எந்தக் காலத்திலும் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதில்லை கழுகு. இப்போது நின்றாள்.

பஸ் வந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு படியில் கால் வைத்தாள். பழக்க தோஷம், திரும்பிக் கை நீட்டினாள்.

"நம்ம பஸ்ஸுதான். ஏறு."

கழுகு ரெண்டடி முன்னால் போய், பஸ்ஸின் நெற்றியிலிருந்த பலகையைத் தானே படித்தாள். அவர்களுடைய பஸ்தான். கண்டக்டர் சீக்கிரம் என்றார். அக்காவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.

"நீ போ" என்றாள். "நான் அடுத்ததப் பாத்து வரேன்."