புகைபோக்கியில் தொங்கிய கயிறு

பேய் என்றதும் சிரிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். சிரிக்கட்டும். இதை யேசுரத்தினம் கொத்தனார் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். குடிக்காத மனிதர். ஓய்வுநாளில் சாந்துக் கரண்டியைத் தொடக்கூட மாட்டார். அவர் பொய் சொல்லி, அவருடைய ஊரான புதுக்கடையில் யாரும் கேட்டதில்லை. அவருக்கு நடந்தது இது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துமூன்று, ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை. ராத்திரி இல்லை... பட்டப்பகல்.

அருமனைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டம். அதன் பங்களா இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடந்தது. புதிய துரை, மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் குடிவரப் போகிறார் என்று திறந்தார்கள். சமையலறைக்கு, விறகு எரிக்கிற பெரிய இரும்பு அடுப்பு ஒன்று வந்து இறங்கியிருந்தது. அதன் குழாயைச் சுவருக்குள் ஓடும் பழைய புகைபோக்கியோடு சேர்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் யேசுரத்தினம் போனார்.

பார்க்கச் சின்ன வேலை. பிசகினால் ஆளைக் கொல்லும். குழாய்க்கும் கூரை உத்திரத்துக்கும் ஒரு முழம் இடைவெளி வேண்டும். குழாயின் முனை சுவரைத் தாண்டி உள்ளே நீளக் கூடாது. இணைப்பைச் செம்மண்ணும் உமிச்சாம்பலும் குழைத்து அடைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, புகைபோக்கியில் அடைப்பு இருக்கக் கூடாது. இருந்தால் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும். தூங்குகிற பிள்ளைகள் தூக்கத்திலேயே போய்விடும். இதில் மட்டும் யேசுரத்தினம் யார் சொன்னாலும் கேட்கமாட்டார்.

அடைப்புப் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவன் கூரைமேல் ஏறிக் கயிறு விடுவான். மற்றவன் கீழே பிடித்து, ஒரு தடவை இழுத்துக் கேட்பான். மேலிருந்து பதில் வரும். ஒரு இழுப்பு என்றால் ‘நில், தீ வேண்டாம்’. மூன்று இழுப்பு என்றால் ‘வழி சுத்தம், தீ போடலாம்’. வாயால் கத்துவதில்லை. மழையிலும் காற்றிலும் வார்த்தை மாறிப்போகும்.

அன்று கூரைக்குப் போனவன் ராஜையன். யேசுரத்தினத்தின் தம்பி சிலுவைதாசனோடு முன்பு வேலை பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தத் தம்பி பெண்டாட்டி ராகேலை விட்டுவிட்டு, யாரோ ஒருத்தியோடு கொழும்புக்குக் கப்பல் ஏறிவிட்டான். அந்தச் செய்தியைக் கொண்டுவந்ததும் ராஜையன்தான். கூடப்பிறந்தவன் முதுகில் குத்திவிட்டுப் போனபின், யேசுரத்தினத்துக்கு ராஜையன்தான் தம்பி. வீட்டில் அவன் கேட்டுச் சாப்பிட்டதில்லை, எடுத்துப் போட்டுத்தான் சாப்பிடுவான். அவ்வளவு நம்பிக்கை.

“இந்தப் புகைபோக்கிய நானும் சிலுவையும் அப்பமே சுத்தம் செய்தாச்சு அண்ணே. இனி என்னத்துக்குப் பாக்கணும்?” என்றான் ராஜையன்.

“அது அப்பம். இப்பம் பாக்கணும். ஏறுலே.”

முகத்தைத் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனான்.

சமையல்காரி லீலாபாய் சாரல் அடிக்கிறது என்று கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு அடுத்த அறைக்குத் துடைக்கப் போனாள். பழைய அடுப்பின் வாயை யாரோ முன்னமே செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். அதற்கு மேலே, தலை உயரத்தில், யேசுரத்தினம் உளியால் ஓட்டை போட்டார்.

மணி இரண்டு பத்து. ஓட்டை விழுந்தது.

உள்ளே கையை விட்டார். தேங்காய் நாரில் திரித்த தும்புக்கயிறு ஒன்று விரலில் பட்டது. ‘பய விட்டுட்டானே, சுறுசுறுப்புதான்’ என்று நினைத்துக்கொண்டார். கயிறு மட்டும் காய்ந்து, கரி பிடித்து இருந்தது. வெளியே மழை ஊற்றுகிறது... கயிற்றில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ஒரு தடவை இழுத்துவிட்டுக் காத்திருந்தார்.

பதில் வந்தது. ஒரு இழுப்பு.

நில்.

சரி, மேலே ஏதோ கிடக்கிறது, எடுக்கிறான் என்று பொறுத்தார். இரண்டு பதினைந்து. மறுபடி கேட்டார்.

ஒரு இழுப்பு. இந்தத் தடவை பலமாக. கை ஓட்டைக்குள் முழங்கைவரை போய்விட்டது.

அப்போது பின்கதவு திறந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட ராஜையன் உள்ளே வந்தான்.

“பாத்தாச்சு அண்ணே. வழி சுத்தம். தீயப் போடும்.”

யேசுரத்தினம் அவனைப் பார்த்தார். கையைப் பார்த்தார்.

கயிறு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

“ஏலே... கயித்த மேல ஆரு பிடிச்சிருக்கா?”

“கயிறா? நான் கயிறே விடலியே.”

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. ஓட்டையைப் பார்த்தான். அதில் தெரிந்த கயிற்றைப் பார்த்தான்.

“எலியாயிருக்கும்” என்றான். “விடும் அண்ணே... விடும்!”

அவரைத் தள்ளிவிட்டுக் குழாயை ஓட்டைக்குள் அவனே சொருகினான். சருகை அடுப்பில் திணித்தான். தீயை வைத்தான். அடைப்பு இருக்கிறதென்று கயிறு சொல்கிறது, இவன் தீ வைக்கிறான். இப்படி ஒரு அவசரத்தை யேசுரத்தினம் அவனிடம் பார்த்ததே இல்லை.

புகை குழாய்க்குள் போனது.

நின்றது.

திரும்பி வந்தது.

அறை முழுக்கப் புகை. கண் எரிந்தது. மூச்சு முட்டியது.

குழாய்க்குள்... யாரோ இருமினார்கள்.

லொக்... லொக்... லொக்...

யேசுரத்தினம் ராஜையனைப் பார்த்தார். அவன் வாய் மூடியிருந்தது.

பிறகு ஒரு குரல். மெலிந்த குரல்.

“அண்ணே...”

ராஜையன் அலறினான். பின்கதவு வழியாக மழையில் ஓடினான்.

“அண்ணே...”

தம்பியின் குரல்.

மணி இரண்டு முப்பத்தைந்து. சத்தம் கேட்டு ஓடிவந்த லீலாபாய்தான் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, தண்ணீரை ஊற்றித் தீயை அணைத்தாள். கொத்தனாரைத் தோளைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டாள். மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “ஒனக்கும் கேட்டிச்சா?”

“கேட்டுது கொத்தனாரே. ஆரோ அண்ணேன்னு விளிச்சாவ.”

தோட்டத்து ஆட்கள் கூரைமேல் ஏறிப் பார்த்தார்கள். புகைபோக்கியின் வாயை ஒரு கற்பலகையால் மூடி, சாந்து பூசியிருந்தது. பூச்சில் பாசி பிடித்திருந்தது. கயிறு விட அங்கே விரற்கடை இடம் இல்லை. ராஜையன் அன்று அந்தப் பக்கம் போகவே இல்லை, தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றிருக்கிறான்.

சுவரை இடித்தார்கள். புகைபோக்கி குறுகும் இடத்தில், கை இரண்டும் மேலே தூக்கியபடி ஒரு எலும்புக்கூடு சிக்கியிருந்தது. இடுப்பில் தும்புக்கயிறு. அதன் ஒரு முனைதான் கீழே தொங்கியது. இடது முன்னம்பல் பாதி உடைந்திருந்தது. சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்து தம்பி உடைத்துக்கொண்ட பல். அதை யேசுரத்தினம்தான் அடையாளம் சொன்னார். சுவரில் அவ்வளவு இறுகிக் கிடந்த எலும்பை எடுக்க நான்கு பேர் அரைநாள் பாடுபட்டார்கள். கல்லை ஒவ்வொன்றாக எடுக்கும்வரை அதை அசைக்கக்கூட முடியவில்லை. அப்படியானால் கயிற்றை இழுத்தது எது?

மூன்றாம் நாள் கடியப்பட்டணத்தில், வள்ளம் ஏறிப் போக ஆள் பிடித்துக்கொண்டிருந்த ராஜையனைப் போலீஸ் பிடித்தது. மறைக்கவில்லை, எல்லாம் சொன்னான். தம்பி உள்ளே இறங்கிச் சுத்தம் செய்கிறபோது, மேலே நின்ற இவன் கையிலிருந்து கயிறு வழுக்கிவிட்டதாம். சிலுவைதாசன் நழுவிச் சிக்கிக்கொண்டானாம். ஆள் கூப்பிட்டால் தன்னைத் தூக்கில் போடுவார்கள் என்று இவன் பயந்தானாம். உள்ளிருந்து வந்த சத்தம் வெளியே கேட்காமலிருக்கத்தான் மேலே பலகையும், கீழே அடுப்பு வாயில் செங்கலும். அது பங்களா பூட்டிய வாரம், ஒரு சனிக்கிழமை.

மறுநாள் ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்த யேசுரத்தினத்தின் வீட்டில்தான் அவன் உட்கார்ந்து மீன்குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டே கொழும்புக் கதையைச் சொன்னான். கோபத்தில் யேசுரத்தினம் அன்று ராகேலின் முன்னாலேயே சத்தம் போட்டார்: “இனி அவன் அண்ணேன்னு ஆயிரம் தடவ விளிச்சாலும் நான் திரும்பிப் பாக்கமாட்டேன்!”

ஸ்டேஷனில் வைத்து அவர் ராஜையனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“எப்பம்லே செத்தான்?”

ராஜையன் தலையைத் தூக்கவில்லை.

“தெரியாது அண்ணே. செவ்வாய்க்கிழம போயி பலகையில காத வச்சுக் கேட்டேன்... அப்பமும் உம்மத்தான் விளிச்சிட்டிருந்தான்.”