காளைக்கு நிழல் கொடுத்தவர்

என் அக்கா வீட்டுக்காரரைப் பண்ணையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "மெதுவா" என்றால் அவர்தான். நாள் முழுக்க மாட்டிடம் அவர் சொல்வது அந்த ஒரு சொல்லைத்தான். கையில் கம்பு கிடையாது, அதட்டல் கிடையாது. "வீட்டுல கதவைக்கூடக் கேட்டுட்டுத்தான் சாத்துவாரு" என்பாள் அக்கா. இறைச்சிக்கு வளர்க்கிற மாட்டுக்கு இவ்வளவு தாங்கலா என்று நானும் கிண்டல் செய்திருக்கிறேன். மாடு ஏற்றும் லாரி என்னுடையது. எனக்கு எப்போதும் அவசரம்.

"மாடு பயந்தா சினை பிடிக்காது மாப்ளே" என்பது மாமாவின் கட்சி. முதலாளி அரை மனதாக ஒரு பட்டியை அவர் போக்கில் விட்டிருந்தார். சினை பிடிக்காத பசு அறுப்புக்கு லாரி ஏற வேண்டும், அதுதான் பண்ணையின் சட்டம். ஆகவே சினைப் பரிசோதனை பசுக்களுக்கு மட்டுமல்ல, மாமாவுக்கும்தான்.

டாக்டரம்மா தோள் வரை கையுறை மாட்டிக்கொண்டு, கம்பித் தடுப்புக்குள் ஒவ்வொரு பசுவாகச் சோதித்தார். ஒன்றுகூடத் திமிறவில்லை. "இவ்வளவு சாதுவான மாடுங்கள நான் பார்த்ததே இல்ல" என்றார். மாமாவுக்கு வாயெல்லாம் பல். அடுத்த நிமிடம், "சினை இல்ல." அதற்கடுத்ததும் இல்லை. லாரிக்கு அடையாளமாக வரிசையாக முதுகுகளில் சிவப்புச் சாயம் ஏறியது. பக்கத்துப் பட்டியில் கத்திக் கத்தியே மேய்க்கிறவனின் பசுக்களோ பெரும்பாலும் சினை!

மாமாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "புல்லு இருந்துச்சு, தண்ணி இருந்துச்சு, ஒரு அடி விழல. பின்ன ஏன் மாப்ளே?" என்னைக் கேட்டால்? நான் என்னத்தைக் கண்டேன்!

"இந்தப் பட்டியோட காளையக் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா.

அது மரத்தடியில், வைக்கோல் மெத்தையில், சொகுசாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"காலைத் தாங்கித் தாங்கி நடந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு. தீவனம், தண்ணி எல்லாம் இங்கயே கொண்டாந்து வச்சேன்."

"எப்பலேர்ந்து?"

"பசுங்களோட விட்டதுலேர்ந்தே."

"கால் வலிக்கிற காளை எப்படிங்க பசு மேல ஏறும்? என்னைக் கூப்பிட்டிருக்கணும். வேற காளைய விட்டிருக்கணும்."

"அப்ப நான் இரக்கப்பட்டது தப்பாம்மா?"

டாக்டரம்மா சாயம் பூசிய பசுக்களைப் பார்த்தார். கையுறையைக் கழற்றத் தொடங்கினார்.

மாமா முதலாளியிடம் ஓடினார். "தப்பு என்னோடதுங்க, மாடுங்களோடது இல்ல." முதலாளி மனிதர் கெட்டவரில்லை. ஆனாலும், "இன்னொரு வருஷம் சும்மா புல்லு போட என்னால முடியாதுப்பா" என்று முடித்துவிட்டார்.

வழக்கமாக லாரி ஏற்றுவது பெரும் ரகளை. சாய்வுப் பலகையைக் கண்டாலே மாடுகள் மிரளும், கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிடும். அன்று மாமா முன்னால் நடந்து, "மெதுவா" என்றார். அவர் பின்னாலேயே பசுக்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்றுகூடத் தயங்கவில்லை. என் லாரி அவ்வளவு சீக்கிரம் நிறைந்ததே இல்லை.

மாமா இறங்கி வந்து கதவுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். "ஒண்ணாவது முரண்டு பிடிச்சிருக்கலாமே மாப்ளே?"

வண்டியை எடுத்தேன். வழி முழுக்க, பள்ளம் பார்த்துப் பார்த்து, மெதுவாகத்தான் ஓட்டினேன்.